பொனேரில் எங்கே மூழ்கலாம்?

கேள்வி: ஸ்கூபா டைவிங்கில் தொடக்கநிலைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் இருக்கிறது; 15 டைவ் முடித்திருக்கிறேன். கரீபியன் கடலிலுள்ள பொனேர் தீவில் ஆறு நாள். எந்த இடங்களைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மேற்குக் கரையோடு நின்றுகொள்ளுங்கள். வணிகக் காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால் கிழக்குக் கரையில் அலை மோதும். மேற்கே கடல் பெரும்பாலும் அமைதி. சாலையோரம் பெயர் எழுதிய மஞ்சள் கற்கள் இருக்கும். வண்டியை நிறுத்தி அப்படியே இறங்கலாம். தெற்கு முனையிலுள்ள ரெட் ஸ்லேவில் நீரோட்டம் வலு, இந்த முறை வேண்டாம்.

முதல் நாள் கட்டாயச் சோதனை டைவ், கடல் பூங்காக் கட்டணம் இரண்டையும் முடித்துவிடுங்கள். கையுறைக்கு அங்கே தடை.

பலர் தடுமாறுவது தண்ணீருக்குள் அல்ல, கரையில்தான். உடைந்த பவளக் கற்கள் காலடியில் உருளும். கெட்டி அடி பூட்ஸ் போட்டு, காலில் மாட்டும் நீச்சல் துடுப்பைக் கையில் பிடித்தபடி, கூட்டாளியின் தோளைப் பற்றி நடங்கள். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் பி.சி.டி. என்ற மிதவை அங்கியில் காற்றை நிரப்பி மிதந்துகொண்டே துடுப்பை மாட்டுங்கள். நின்றபடி மாட்டினால் அலை கவிழ்த்துவிடும்.

1984-இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் கப்பல் வலப்பக்கம் சாய்ந்து 30 மீட்டரில் கிடக்கிறது. மேல்பக்கம் சுமார் 18 மீட்டர் ஆழத்தில், உங்கள் சான்றிதழுக்கான வரம்பும் அதுவே. மேலிருந்து பாருங்கள், உள்ளே நுழையாதீர்கள்.

'ஆயிரம் படிகள்' என்ற இடத்தில் உண்மையில் சுமார் 70 படிகள்தான். சிலிண்டரோடு திரும்பி ஏறும்போது பெயர் சரியென்று படும்!

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள்.