இட்லியை விட்டு கோதுமை பிரெட்டுக்கு மாறலாமா?

கேள்வி: எனக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை நோய். "இட்லி வேண்டாம், கோதுமை பிரெட் சாப்பிடு" என்கிறாள் மகள். அதைச் சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறத்தான் செய்கிறது. ஏன் டாக்டர்? – வாசகி, தேனி

பதில்: அம்மா, அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் கோதுமை என்று பெரிதாகப் போட்டிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். எது அதிகமோ அதுதான் முதலில் வரும். 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்று ஆரம்பித்தால் அது மைதாதான். 150 என்று தொடங்கும் எண் இருந்தால், அந்தப் பழுப்பு நிறம் கேரமலால், அதாவது சர்க்கரையைக் கருக்கிச் செய்யும் நிறமியால் வந்தது.

காய்ச்சல் வந்தால் பாலும் பிரெட்டும் கொடுத்து வளர்க்கப்பட்டவர்கள் நாம். பிரெட் என்றாலே உடம்புக்கு இதமானது என்ற எண்ணம் அதனால் மனசில் ஊறிவிட்டது. ஆனால் இரண்டு ஸ்லைஸில் சுமார் 25–30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நடுத்தர அளவில் இரண்டு, மூன்று இட்லியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஒரே சாப்பாடு எல்லோருக்கும் ஒரே அளவு சர்க்கரையை ஏற்றுவதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் 800 பேருக்கு ஒரு வாரம் சர்க்கரையை அளக்கும் சென்சார் பொருத்திப் பார்த்து, 2015-ல் இதை வெளியிட்டார்கள். ரத்தப் பரிசோதனை, குடல் பாக்டீரியா போன்ற விவரங்களைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்ததும், யாருக்கு எந்த உணவில் எவ்வளவு ஏறும் என்று அது முன்கூட்டியே கணித்தது. 2017-ல் அதே குழு 20 பேருக்கு ஒரு வாரம் வெள்ளை பிரெட், ஒரு வாரம் புளிக்கவைத்த முழுக்கோதுமை பிரெட் கொடுத்தது. சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. சிலருக்கு வெள்ளை பிரெட்டில்தான் சர்க்கரை குறைவாக ஏறியது! அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். இதை வைத்து நீங்கள் வெள்ளை பிரெட்டுக்குப் போய்விடாதீர்கள்.

உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நாள் இட்லி, சாம்பார். மறுநாள் அதே நேரத்தில், அதே மாத்திரையோடு பிரெட். சாப்பிடுவதற்கு முன்பும், முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவையுங்கள். அந்த நோட்டை அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சர்க்கரை உள்ள என் அம்மாவுக்குக் கண் முகாமில் படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரே பார்த்து 'கண் டாக்டரிடம் போங்கள்' என்று சொல்லிவிட்டது. அம்மாவுக்குப் பார்வை தெளிவாக இருக்கிறதே, நம்பலாமா? – வாசகர், விருதுநகர்

பதில்: தள்ளிப்போடாமல் கூட்டிப் போங்கள். விழித்திரையில் ரத்தக்குழாய் கசிவது ஆரம்பத்தில் நோயாளிக்குத் தெரியவே தெரியாது. பார்வை மங்கிய பிறகு வந்தால், போனதை முழுசாக மீட்பது கஷ்டம். 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட, படத்தைப் பார்த்து இந்தப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் முறைக்கு, கண் மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்த சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களைக் கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். அதில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் உண்டு. இத்தகைய கருவி, டாக்டர் அவசியம் பார்க்க வேண்டியவர்களைப் பிரித்துச் சொல்லும். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, லேசர் வேண்டுமா, ஊசி வேண்டுமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

'ஒன்றுமில்லை' என்று வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: சர்க்கரைக்கான அந்தப் பரிசோதனை கண் அழுத்தத்தை அளப்பதில்லை. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். தனியாக பஸ் ஏற்றி அனுப்பாமல், நீங்களே கூடப் போய் வாருங்கள்.