மென்பொருள் உளறுவது ஒலிப்பதிவின் குற்றமல்ல

பெல்ஜிய நகரமான ஷார்லெருவாவின் முன்னாள் சுரங்கத் தொழிலாளியான இத்தாலியர் பேசியதை, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் உளறலாக எழுதித் தருகிறது என்கிறீர்கள். பதிவு தெளிவாக இருந்தால் மொழியைச் சந்தேகியுங்கள். அவர் பேசுவது பாடப்புத்தக இத்தாலியமாக இருக்காது. இத்தாலியும் பெல்ஜியமும் 1946இல் செய்த ஒப்பந்தப்படி பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வந்த பலருக்கு வீட்டு மொழி சொந்த ஊரின் வட்டார மொழிதான். பிறகு பிரெஞ்சும் கலந்தது.

சுரங்கத்தை அவர் 'மினியேரா' என்கிறாரா, பிரெஞ்சு வாடையோடு 'மினா' என்கிறாரா? கேட்டுப் பாருங்கள். இத்தாலியின் அப்ருட்ஸோ வட்டாரத்துக்காரர் என்றால், அந்தப் பக்கத்து முதியவர் ஒருவருக்கு 5 நிமிடம் போட்டுக் காட்டுங்கள். பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

தயவுசெய்து நல்ல இத்தாலியமாகத் திருத்தாதீர்கள். 136 இத்தாலியர் உட்பட 262 பேரைப் பலிகொண்ட 1956 மார்சினெல் சுரங்க விபத்தைச் சொல்லும்போது அவர் பேச்சு நின்றால், அந்த நொடிகளையும் குறித்துவையுங்கள். வெளியிடுமுன் அவர் ஒப்புதல் கட்டாயம்.