பெருந்தொற்றுக் காலப் பேரிடர் மேலாண்மை கடலோர மக்களை மீட்டதா?

கொரோனா காலத்தில் நம் பேரிடர் மேலாண்மை ஏற்பாடு சரியாக இயங்கியதா, கடலோர மாவட்டங்களில் மீட்பு எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் மீன் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உயிர் காக்கும் வேலை ஓரளவு நடந்தது. பிழைப்பை மீட்கும் வேலை எங்கள் கரையில் தொடங்கவே இல்லை. அதிகாரிகளின் மெத்தனத்தை நான் காரணமாகச் சொல்ல மாட்டேன். எதை இழப்பு என்று நிவாரண விதிகள் எண்ணுகின்றனவோ, அங்கேதான் கோளாறு இருக்கிறது.

2020 மார்ச் 24 அன்று வந்த ஊரடங்கு உத்தரவு, சுனாமிக்கு அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்டது. அதற்குப் பத்து நாள் முன்பே, மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து செலவு செய்யத் தக்க பேரிடராகக் கொரோனாவை மத்திய உள்துறை அறிவித்திருந்தது. அந்த நிதியில் கொரோனாவுக்குச் செலவிடக்கூடிய அளவும் செப்டம்பரில் 35 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் அந்த நிதியின் நிவாரணப் பட்டியலைப் படித்துப் பார்த்தால், இடிந்த வீடு, உடைந்த படகு, அறுந்த வலை, இறந்த கால்நடை என்று கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய சேதங்களுக்கே அதில் பெரும்பாலும் தொகை உண்டு. கொரோனா எங்கள் ஊரில் ஒரு படகையும் உடைக்கவில்லை. கணக்கெடுக்க வருபவர் எழுதிக்கொண்டு போக எதுவும் இல்லாமலேயே வருமானம் முழுவதும் நின்று போனது.

நடந்ததை நாள் வரிசையில் பார்த்தால் இது விளங்கும். ஊரடங்கில் நின்ற கடல்தொழிலுக்கு ஏப்ரல் 10 அன்று மத்திய அரசு விலக்கு அளித்தது. ஏப்ரல் 15 அன்று வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகுக்காரர்கள் டீசல் பிடித்து, ஐஸ் ஏற்றி, ஆள் சேர்ப்பதற்குள் அந்த இடைவெளி முடிந்துவிட்டது. தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்து மே 31-உடன் முடித்தார்கள்; அது நல்ல முடிவுதான். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகலாம் என்றாலும், நண்டும் கணவாயும் உள்ளூரில் தின்று தீர்க்கும் சரக்கு அல்ல. ஐஸ் ஆலை ஓட வேண்டும், வண்டி மாவட்ட எல்லை தாண்ட வேண்டும், ஏற்றுமதிக்காரர் வாங்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் கரையில் விலை விழும். அப்போது எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் விட்டுப் போயிருந்தன.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் எழுதும் பேரேட்டில்தான் அது இருக்கிறது. எங்கள் கரையில் பல படகுக்காரர்கள் கம்பெனியில் முன்பணம் வாங்கித்தான் வலையும் எஞ்சினும் வாங்குகிறார்கள். பிடித்த மீனை அந்தக் கம்பெனிக்கே போட்டுக் கடனைக் கழிக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையை ஒத்திவைக்க இடம் கொடுத்தது, ஆனால் அது வங்கிக் கடனுக்கும் நிதி நிறுவனக் கடனுக்கும் மட்டுமே பொருந்தும். பேரேட்டில் இருக்கும் முன்பணத்துக்கு எந்த உத்தரவும் வரவில்லை. வீட்டுச் செலவுக்காக வாங்கிய புதிய தொகைகள் அதன் மேலேயே ஏறின. அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் தடைக்கால நிவாரணமாக 5,000 ரூபாயும் அடுப்பை எரிய வைத்தன என்பதை மறுக்க மாட்டேன். கடனை அவை தொடவில்லை. தொற்று அடங்கிய பிறகும், கூடுதல் கடன் இருப்பவர் விலை பேச முடியாமல் கம்பெனி சொன்ன விலைக்கே நண்டைப் போட்டார். கம்பெனியின் சம்பளம் வாங்குபவன் இதை எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்தில் மரிக்கொழுந்து என்னும் கடற்பாசி எடுப்பவர்கள், கம்பெனிகளில் நண்டு உடைப்பவர்கள், கருவாடு காயவைத்து விற்பவர்கள் ஆகியோரில் பலர் தொழில் சார்ந்த எந்தப் பதிவேட்டிலும் தனிப் பெயராக இல்லை. கணவர் பெயரில் வந்த நிவாரணத்தோடு சரி.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. குறைந்தபட்ச நிவாரணம் பற்றிய 12-ஆம் பிரிவு, உயிரிழப்போடும் வீட்டுச் சேதத்தோடும் வாழ்வாதாரத்தை மீட்பதற்கான உதவியையும் சேர்த்தே சொல்கிறது. 2025-இல் நீக்கப்படும்வரை இருந்த 13-ஆம் பிரிவு, கடும் பேரிடரில் கடன் திருப்பிச் செலுத்துவதில் சலுகைக்கும் புதிய சலுகைக் கடனுக்கும் பரிந்துரைக்கலாம் என்றது. 12-ஆம் பிரிவு கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்த பிறகே, கொரோனாவால் இறந்தோர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் முடிவானது. அதே பிரிவில் உள்ள வாழ்வாதாரம் பற்றிய வரி அந்த அளவுக்கு விவாதிக்கப்படவில்லை.

புயல் பற்றியும் ஒரு சொல். 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்தபோது, பெருந்தொற்றுக்குள் ஒரு புயல் என்பது எங்களுக்கு நேரடி அனுபவமானது. இடைவெளி விட்டுப் படுக்க வைத்தால் புயல் காப்பகத்தில் வழக்கமான எண்ணிக்கையில் பாதிப் பேர்கூட அடங்க மாட்டார்கள். பள்ளிகள் மூடியிருந்ததால் வகுப்பறைகள் கிடைத்தன. புயலும் கரைக்கு அருகே வலுவிழந்து நின்றுவிட்டது. இரண்டும் தற்செயல், இவற்றைத் திட்டத்தின் வெற்றியாக எழுதிவைப்பது ஆபத்து.

என்னைக் கேட்டால், மாவட்டப் பேரிடர் திட்டத்தில் ஒவ்வொரு காப்பகத்துக்கும் தொற்றுக் காலக் கொள்ளளவைத் தனியாகக் குறித்து, மீதிப் பேருக்கான கல்யாண மண்டபங்களையும் ஜமாஅத், தேவாலயக் கட்டடங்களையும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்ய வேண்டும். நிவாரணப் பட்டியலில், அரசு உத்தரவால் தொழில் நின்ற நாட்களும் இழப்பாக எண்ணப்பட வேண்டும். அதற்குப் பாசி எடுக்கும் பெண்கள்வரை பதிவேடு வேண்டும். பதினைந்தாவது நிதிக் குழு மாநிலப் பேரிடர் நிதிகளில் 30 சதவீதத்தை மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும் என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. அதில் ஒரு பங்கை மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் குறைந்த வட்டியில் கொடுத்து, கம்பெனி முன்பணத்தை அடைக்க உதவினால், அடுத்த முறை தொழில் நிற்கும்போது படகுக்காரர் பழைய கடனோடு நிற்க வேண்டியிருக்காது.