சம்பளத்தில் உப்பு இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

தண்டையார்பேட்டையில் ஐடிஐ முடித்த பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ரோமானியச் சிப்பாய்களுக்கு உப்பையே கூலியாகக் கொடுத்தார்கள், 'சேலரி' அப்படி வந்தது, நம் சம்பளமும் சம்பா நெல்லும் உப்பளமும் சேர்ந்ததுதான், பக்கத்தில் சால்ட் கோட்டர்ஸ் என்ற இடமே இருக்கிறதே என்றேன். கைதட்டினார்கள். ஒரு பையன் மட்டும், மணலியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த தாளில் 'ஸ்டைபண்ட்' என்று இருக்கிறதே, அது வேறா என்றான். என்ன சொல்ல?

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பிள்ளைகளை மாலையில் உட்காரவைத்துப் பாடம் சொல்கிறீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. கைதட்டலுக்காகக் கதை விட்டதற்கு ஒரு குட்டு.

சேலரிக்கு மூலம் லத்தீன் 'சலாரியும்'. அதன் வேர் 'சால்', உப்பு. இதுவரை சரி. ஆனால் உப்பை அளந்து கூலி போட்டதாக ரோமானியர் எவரும் எழுதிவைக்கவில்லை. படைத்துறை மரியாதைகளிலும் உப்புக்குப் பங்குண்டு, 'சலாரியும்' என்ற பேரே அதனால்தான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி போகிற போக்கில் ஒரு வரி சொல்கிறார். பின்னால் வந்தவர்கள் அந்த வரியை மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். அகஸ்டஸ் காலத்துக் காலாட்படைச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 225 தினாரியஸ் வெள்ளிக்காசு. மூன்று தவணை, தவணைக்கு 75. எகிப்தில் கிடைத்த முதல் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) கணக்கு ஒன்றில் பிடித்தங்களைப் பாருங்கள்: வைக்கோல், சாப்பாடு, செருப்பு வார், துணி. நம்மூர் பே ஸ்லிப் தோற்றது! உப்பு கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. அடுத்த வாரம் 'சோல்ஜரும்' உப்புதான் என்று ஆரம்பிக்காதீர்கள். அது சொலிடுஸ் என்ற தங்கக்காசு. உப்புதான் வேண்டுமென்றால் சாலட், சாஸ், சாசேஜ் இருக்கின்றன. மூன்றும் உப்பிட்டவை.

சம்பளத்துக்கு வருவோம். சம்பா, அளம் இரண்டையும் புணர்த்திப் பாருங்கள். வகர உடம்படுமெய் வந்து 'சம்பாவளம்' ஆகும். சம்பளம் வேண்டுமென்றால் 'பா' குறுக வேண்டும், வகரமும் விழ வேண்டும், எந்த விதிப்படி? அதோடு அளம் என்பது உப்பு விளைகிற இடம், உப்பு அல்ல. கூலியாளுக்குப் பாத்தியையா தூக்கிக் கொடுத்தார்கள்? வடமொழியில் 'சம்பல' என்றால் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு, கன்னடத்திலும் சம்பளம் 'சம்பள'தான். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் சொல்லை உடைக்கக் கூடாது. அகநானூறு 140-இல் நெல்லுக்கு உப்பு மாற்றுகிறார்களே என்பீர்கள். அது வியாபாரம் ஐயா, கூலி அல்ல.

சால்ட் கோட்டர்ஸ் அந்தக்கால உப்புக் கிடங்கு. அதை விடுங்கள்.

அந்தப் பையன்! அவன் கேட்ட ஸ்டைபண்டுக்கும் மூலம் லத்தீன்தான். 'ஸ்டிப்ஸ்' சில்லறைக்காசு, 'பெண்டெரே' நிறுத்துக் கொடுப்பது. இரண்டும் சேர்ந்த 'ஸ்டிபெண்டியும்'தான் சிப்பாய் வாங்கிய கூலியின் பேர். இங்கே 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவன் பயிற்சியாளன், தொழிலாளி அல்ல. அதனால்தான் தாளில் அந்தச் சொல். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் அவனுக்குப் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் தாளோடு போய்க் கேட்கச் சொல்லுங்கள்.