காட்டை வெட்டாமல் வைத்திருக்கப் பணமா?

கேள்வி: சொந்த நிலத்தில் உள்ள இயற்கைக் காட்டை அழிக்காமல் காப்பதற்காக உரிமையாளருக்குப் பணம் தருவது சரியா? புதிதாக மரம் நடுவோருக்குத் தந்தால் போதாதா?

பதில்: சரி என்றே உறுதியாகச் சொல்வேன். மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஒரு டன் கார்பன் எரிந்தால் சுமார் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கும். முதிர்ந்த காட்டில் நெடுங்காலமாகச் சேர்ந்த இருப்பைச் சில நாட்களில் எரித்துவிடலாம். நட்ட கன்றுகள் அதை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகா, 1996-இல் இயற்றிய வனச் சட்டத்தின்படி, எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் வழங்கி வருகிறது. கார்பனோடு நீர், பல்லுயிர், இயற்கை எழில் ஆகியவற்றையும் காடு தரும் சேவைகளாக அச்சட்டம் ஏற்றிருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஆனால், எப்படியும் எவரும் வெட்டப்போகாத செங்குத்துச் சரிவுக்குப் பணம் போய்ச் சேர்ந்தால், கூடுதலாக ஒரு டன்கூட மிஞ்சாது. வெட்டுவது பக்கத்து நிலத்துக்கு நகர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே காட்டில் மாதிரிக்காகக் குறித்த சிறு திடல்களில், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து, அதிலிருந்து கார்பன் இருப்பைக் கணித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சரிபார்த்தபின் தவணையை விடுவிப்பதே முறை. மேய்ச்சலிலோ பயிரிலோ கிடைக்கக்கூடிய வருவாய்க்கு அத்தொகை ஓரளவேனும் ஈடாகாவிட்டால், சிறு உரிமையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே தயங்குவார்.