கார் ஆம்ப்பின் கெயினை மல்டிமீட்டர் வைத்து செட் செய்வது எப்படி? காதால் கேட்டு வைத்தால் போதாதா?

டோர் ஸ்பீக்கருக்குக் காது போதும், பாஸ் அடிக்கென்றே உள்ள சப்வூஃபருக்குப் போதாது. ஏன் என்பதை நான் எரித்த சப்வூஃபரிலிருந்தே சொல்கிறேன்.

வீடு பெரம்பூர், ஆபீஸ் தரமணி. போக வர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் பழைய ஸ்விஃப்ட் வாங்கியதும் முதல் செலவு பாட்டுக்குத்தான். ஒரு கடையில் 12 இன்ச் சப்வூஃபரும் அதை ஓட்ட ஒரே சேனல் உள்ள ஒரு மோனோ ஆம்ப்பும் மாட்டினேன். வேலை முடித்த பையன் டிக்கியிலிருந்து தலையை நீட்டி, "அண்ணா, கெயின் ஃபுல்லா வச்சிருக்கேன், பாஸ் பூஸ்ட்டும் ஃபுல்லு. அடி நெஞ்சுல இறங்கும் பாருங்க" என்றான். இறங்கத்தான் செய்தது, மூன்று மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் கோவளம் தாண்டும்போது வண்டிக்குள் கருகின வாடை. கிளட்ச் போச்சு என்று ஓரம் கட்டினேன். டிக்கியைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. கோனை விரலால் மெல்ல அமுக்கினால் உள்ளே மணலில் தேய்ப்பது போலக் கரகரவென்றது. கோனை அசைக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிவிட்டது.

என் மாமா வியாசர்பாடியில் முப்பது வருடம் மைக் செட் போட்டவர். ஆடி மாதம் வந்தால் வீட்டில் ஆளைப் பார்க்க முடியாது. அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, "ஆம்ப் வாட்ஸ் கம்மிதான் மாமா, அப்புறம் எப்படி எரியும்?" என்று கேட்டேன். "வாட்ஸ் கம்மியா இருந்தா எரியாதுன்னு யாருடா சொன்னது? சவுண்டு கிழிஞ்சா எரியும் மாப்ள" என்றார். அவ்வளவுதான் விளக்கம். மீதியை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கெயின் என்பது வால்யூம் இல்லை. ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ அவுட்புட்டில் வருவது 2 வோல்ட்டோ 4 வோல்ட்டோ, செட்டுக்குச் செட் மாறும். எத்தனை வோல்ட் வந்தால் ஆம்ப் தன் முழு பலத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் திருகுதான் கெயின். அதனால்தான் அதன் பக்கத்தில் 0.2 வோல்ட், 6 வோல்ட் என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். தேவைக்கு மேல் திருகினால் ஆம்ப்பின் பலம் கூடாது. அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும், அதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். முழுக்கத் தட்டையாகிச் சதுர அலை ஆகிவிட்டால், அதே உயரமுள்ள ஒழுங்கான அலையைப் போல இரண்டு மடங்கு பவர் காயிலில் இறங்கும். பையன் ஃபுல்லாக வைத்த பாஸ் பூஸ்ட் வேறு இருக்கிறது. 12 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த அதிர்வெண்ணில் கிட்டத்தட்ட 16 மடங்கு வாட்ஸ் கேட்கிறோம் என்று பொருள். எந்த ஆம்ப் கொடுக்கும்?

கிளிப்பிங் டோர் ஸ்பீக்கரில் வந்தால் பாடகரின் குரல் பிசிறடிக்கும், யாருக்கும் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் பாஸில் வந்தால் கொஞ்சம் "அடி கூடின" மாதிரிதான் இருக்கும். நமக்கு அது பிடிக்கவும் செய்யும். அங்கேதான் மல்டிமீட்டர் வேண்டும்.

மீட்டருக்குப் பெரிய செலவு வேண்டாம். ரிச்சி தெருவில் குவித்து வைத்து விற்கிற சின்ன மஞ்சள் மீட்டரே போதும். அதில் ஏசி வோல்ட்டுக்கு 200, 750 என்று இரண்டே ரேஞ்ச் இருக்கும், 200-இல் வையுங்கள். டிசி பக்கம் வைத்துவிட்டு "ஒன்றுமே காட்டலையே" என்று முழித்தவர்களில் நானும் ஒருவன். இந்த மலிவு மீட்டர்கள் ஈபி கரெண்டின் 50 ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்தவை, 400 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நம்பலாம். சப்வூஃபரைச் செட் செய்ய ஓட்டும் டோன், அதாவது ஒரே சீரான சோதனை ஒலி, 50 ஹெர்ட்ஸ் என்பதால் நமக்குத் தோதுதான். டோர் ஸ்பீக்கருக்கு 1000 ஹெர்ட்ஸ் டோன் போடச் சொல்வார்கள். இந்த மீட்டரை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள், 400-இலேயே பாருங்கள்.

டோனை 0 டெசிபல் அளவில், அதாவது ஃபைலில் பதிய முடிகிற உச்ச அளவில், பதிவான வேவ் ஃபைலாகப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். யூடியூபிலிருந்து ஓட்ட வேண்டாம், அங்கே லெவல் என்னவென்று நமக்குத் தெரியாது. நீங்கள் எப்போதும் புளூடூத்தில்தான் கேட்பீர்கள் என்றால் போன் வால்யூமை முழுதாக ஏற்றி அதிலும் ஒரு தடவை பாருங்கள். எது அதிக வோல்ட் கொடுக்கிறதோ அதை வைத்துத்தான் செட் செய்ய வேண்டும்.

அடுத்தது கணக்கு. வாட்ஸையும் ஓமையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். என் புது சப்வூஃபர் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு) 250 வாட்ஸ், 4 ஓம். ஆம்ப்பில் 4 ஓமுக்கு 300 என்று போட்டிருந்தது. இரண்டில் சிறியதை எடுக்க வேண்டும். 250-ஐ 4-ஆல் பெருக்கினால் 1000, அதன் வர்க்கமூலம் 31.6. மீட்டரில் 31.6 வோல்ட் வரும் வரை கெயினைத் திருக வேண்டும், அவ்வளவே. அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்த 1500 வாட்ஸை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், அது விளம்பரம். ஓமையும் அனுமானிக்க வேண்டாம். இரட்டைக் காயில் சப்வூஃபர் என்றால் 4-ம் 4-ம் இணையாகக் கட்டியிருந்தால் 2, தொடராகக் கட்டியிருந்தால் 8. மீட்டரின் ஓம் ரேஞ்சில் 4 ஓம் காயில் 3.2, 3.6 என்று காட்டினால் பயப்படாதீர்கள், டிசியில் அப்படித்தான் குறைவாகக் காட்டும்.

செய்யும் முறை சுலபம். ஆம்ப்பை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, முனைகளுக்கு டேப் சுற்றுங்கள். கெயின் முழுக்கக் குறைவில் இருக்கட்டும். பாஸ் பூஸ்ட், லவுட்னெஸ், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இருந்தால் அது டோனை விழுங்காத அளவுக்குக் கீழே, 25 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கட்டும். எஞ்சினை ஓடவிடுங்கள், பேட்டரி மட்டும் என்றால் 12.6 வோல்ட், ஆல்டர்னேட்டர் ஓடினால் 14 பக்கம் வரும். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் எஞ்சினை ஓடவிட்டு டிக்கிக்குள் தலையை விட்டு உட்காராதீர்கள், புகை ஆளைக் கொன்றுவிடும். வெளியே நிறுத்துங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஆம்ப்பின் ஸ்பீக்கர் பிளஸ், மைனஸ் இரண்டிலும் வையுங்கள். கறுப்பு முனையைப் பாடியில் வைக்கக் கூடாது, பல ஆம்ப்களில் மைனஸும் கிரவுண்டும் ஒன்றல்ல. நான்கு சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்திருந்தால், அதாவது இரண்டு சேனலை ஒன்றாக்கியிருந்தால், பிரிட்ஜ் என்று குறித்த இரண்டு முனைகளில். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீரியோ வால்யூமை முழு அளவின் முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள். 40 வரை போகிற செட்டில் 30. அதற்கு மேல் பல மலிவு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் தாங்களே அலையை வெட்டத் தொடங்கும். அங்கே வெட்டுப்பட்டதை ஆம்ப்பில் எந்தத் திருகாலும் ஒட்ட முடியாது. டோன் ஓடட்டும், டெஸ்டர் முனையால் கெயினை மயிரிழை மயிரிழையாகத் திருகுங்கள். எண் நிலைக்க ஒரு நொடி ஆகும், அவசரப்படக் கூடாது.

ஸ்பீக்கர் இணைப்பே இல்லாததால் இதில் சத்தமே வராது என்பது பெரிய வசதி. இரவு 11 மணிக்கு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, டிக்கியில் டார்ச் அடித்துச் செய்துகொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து, "என்ன சார், பேட்டரி டவுனா?" என்று கேட்டு, தள்ளிவிட ஆள் கூப்பிடவா என்று நின்றுகொண்டிருந்தார்.

இணையத்தில் படிக்கிற விளக்கங்கள் இதோடு முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. திருகும்போது 10, 15, 20 என்று சீராக ஏறின எண், 26 தாண்டியதும் சோம்பல் பிடித்தது. அதே அளவு திருகினாலும் பாதிதான் ஏறுகிறது. ஆனாலும் திருகித் திருகி 31.6 வந்தது. வந்துவிட்டதே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் காசு கொடுத்து ஒரு முறை எரித்தவனுக்குத் தூக்கம் வராது. நண்பனிடம் அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் சின்ன ஆசிலோஸ்கோப் கிட் ஒன்று இருந்தது, வாங்கி வந்து மாட்டினேன். 31.6-இல் அலையின் தலை சுட்ட தோசை மாதிரித் தட்டை. குறைத்துக்கொண்டே வந்தால் 26 வோல்ட்டில்தான் உருண்டையாக ஆனது. 26-ஐ 26-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 169 வாட்ஸ். முன்னூறு என்று எழுதியிருந்த ஆம்ப்பின் லட்சணம் அதுதான்.

மீட்டர் வோல்ட்டைத்தான் சொல்லும், அந்த வோல்ட் எந்த வடிவத்தில் வருகிறது என்று சொல்லாது. சூத்திரத்துக்குள் நீங்கள் போடும் வாட்ஸ் பொய் என்றால், மீட்டர் அந்தப் பொய்க்குத் துல்லியமாக வழிகாட்டும். ஸ்கோப் இல்லாதவர்களுக்கு இரண்டு குறுக்கு வழி உண்டு. ஒன்று, எண் சோம்பல் பிடிக்கிற இடம். அது தெரிந்தவுடன் நிறுத்திக் கொஞ்சம் பின்னால் வந்துவிடுங்கள், கணக்கில் வந்த வோல்ட் வராவிட்டாலும் பரவாயில்லை. இன்னொன்று, ஆம்ப்பின் பக்கவாட்டில் சொருகியிருக்கிற ஃபியூஸ். என்னுடையதில் 20 ஆம்பியர் ஒன்றே ஒன்று. 20-ஐ 13.8-ஆல் பெருக்கினால் 276 வாட்ஸ் உள்ளே போகிறது. சூடாக வீணாவது குறைவான டி கிளாஸ் ஆம்ப் என்றாலும் அதில் கால் பங்கு சூடாகப் போய்விடும் என்று வைத்தால், வெளியே 200 சொச்சம். இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுப் பார்த்திருந்தால் அந்த ஆம்ப்பை வாங்கியிருக்கவே மாட்டேன். பெட்டியில் சிஇஏ 2006 (இப்போதைய பெயர் சிடிஏ 2006) என்று ஒரு தர அளவு குறித்திருந்தால் அந்த வாட்ஸை ஓரளவு நம்பலாம். 14.4 வோல்ட்டில், பிசிறு 1 சதவீதத்துக்குள் இருக்கும்படி அளந்த எண் அது.

ஸ்பீக்கர் இல்லாமல் அளப்பதால் இன்னொரு குறையும் உண்டு. பாரம் ஏறியதும் ஆம்ப்புக்கு வருகிற மின்னழுத்தம் தளரும், அப்போது வெட்டு இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்கும். அதனால் நான் 26-இலும் நிற்காமல் 24-க்கு இறக்கினேன். 144 வாட்ஸ். 169-க்கும் 144-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபல்கூட இல்லை, காதுக்குத் தெரியாது. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட்ஸைக் கிட்டத்தட்ட 10 மடங்காக்க வேண்டும். 25 வாட்ஸுக்காக அழ வேண்டியதில்லை.

டோர் ஸ்பீக்கருக்கு நான் மீட்டரை எடுப்பதே இல்லை. நன்றாகப் பதிவான, குரல் தெளிவாக உள்ள பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, ஸ்டீரியோ 30-இல் இருக்க, குரல் கரகரக்கும் வரை கெயினை ஏற்றிக் கொஞ்சம் பின்னால் வருவேன். பிறகு சப்வூஃபர் அவற்றைவிடத் தூக்கலாக இருந்தால் அதன் கெயினைக் குறைக்கலாம். ஏற்றுவது மட்டும் கூடாது. கெயினைச் சரியாக வைத்த பிறகும் ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீச்சென்ற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டால் அது கெயின் பிரச்சினை இல்லை. பெயிண்ட் சுரண்டாமல் முடுக்கிய கிரவுண்ட் போல்ட்டையும், பவர் வயரோடு ஒன்றாகக் கட்டிய ஆர்சிஏ வயரையும் போய்ப் பாருங்கள். நம் ஊர்க் கடற்காற்றுக்கு அந்த போல்ட் வருடத்துக்கொரு முறை துருப்பிடிக்கும்.

செட் செய்து முடித்ததும் கெயின் திருகு நிற்கும் இடத்தில் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். போன மாதம் ஏசி வேலைக்கு வண்டியை விட்டு எடுத்தபோது புள்ளி கால் சுற்றுத் தள்ளி இருந்தது. கேட்டால், "சவுண்டு கம்மியா இருந்துச்சு சார், அதான் கொஞ்சம் ஏத்தி விட்டேன்" என்கிறார்கள்.