வாசகர் கேள்வி: கடலோர அந்தியைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி: வெளிநாட்டில், கடலோரக் கிராமம் ஒன்றில், உரிமையாளர்கள் திரும்பும்வரை அவர்களுடைய வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் படமெடுத்தால் வானம் வெளிறுகிறது. இல்லையென்றால் வயலும் பாறையும் கருத்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: வானத்துக்கும் நிலத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு, கேமராவின் சென்சார் ஒரே நேரத்தில் பதிவுசெய்யக்கூடிய அளவை மீறுவதே காரணம். முக்காலியில் கேமராவைப் பொருத்தி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸின் துளை அளவு எஃப் 8 அல்லது 11 என வைத்து, வானத்தின் பிரகாசத்துக்கேற்ப எக்ஸ்போஷரை (படத்தில் பதிவாகும் ஒளியின் அளவை) அமைத்து, ரா கோப்பாக (சென்சார் பதிவுசெய்த முழுத் தகவலையும் வைத்திருக்கும் மூலக் கோப்பாக) எடுங்கள். நிழல் பகுதிகளைப் பின்னர் ஓரளவு வெளிச்சமாக்கலாம், ஆனால் முற்றிலும் வெளிறிய வானத்தை மீட்க முடியாது. சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அது தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை நீடிக்கும் அந்தி வெளிச்சத்தில் அந்த வேறுபாடு வெகுவாகக் குறைவதால், வேலிகளும் ஓட்டுக் கூரைகளும் தம் நிறத்தோடு பதிவாகும்; என்னைக் கேட்டால், கிராமக் காட்சிக்கு அதுவே மிகச் சிறந்த நேரம். பூமத்திய ரேகையிலிருந்து விலகிய நாடுகளில் இது இன்னும் நீளும்.

உப்புத் துளி படியும் லென்ஸை அடிக்கடி துடையுங்கள். பாறைகளில் இறங்கும் முன் அவ்விடத்து ஓத அட்டவணையை (கடல் மட்டம் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை) பாருங்கள். ஏறும் கடல் திரும்பும் வழியை மூடிவிடக்கூடும்.

வீட்டில் வளர்ப்புப் பிராணிகள் இருந்தால், அவற்றின் மாலை உணவை முடித்துவிட்டே புறப்படுங்கள். வீடு அடையாளம் தெரியும் படங்களை உரிமையாளர்களின் அனுமதியின்றிப் பகிர வேண்டாம். மற்ற படங்களிலும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள்.